அட்டை மறைப்புக்குப் பின்னால்

1937 தேர்தலில் சென்னை மாகாணம் முழுக்கக் காங்கிரஸ்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கள். அப்போது வாக்குச்சாவடிக்குள் தரப்புக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பெயரைத் தேடித் தடுமாற வேண்டாம். நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். சத்தியமூர்த்தியும் ராஜாஜியும் மேடைதோறும் முழங்கிய அந்த மஞ்சள் நிறம் பலித்தது. சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. முதலமைச்சராக இருந்த பொப்பிலி ராஜா, தம் ஜமீனின் பெயரையே தாங்கிய பொப்பிலித் தொகுதியில், தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரியிடம் தோற்றார்.

பொப்பிலி வட்டாரத்தில் ராஜாவின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிலம் அவருடையது, அரசு அவருடையது. அவரை எதிர்த்து ஊர்ப் பொதுவில் வாய் திறக்கத் தயங்கியவர்கள்கூட, திரைக்குப் பின்னால் போய் வேறொரு பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்துவிட முடிந்தது. தேர்தல் நாளில் நேரில் போய் ஓட்டுப் போடுவதன் பெருமை முழுக்க இந்த ஒரு நிமிடத் தனிமையில் இருக்கிறது. வாக்குச்சாவடியின் வரலாறு என்பது அந்தத் தனிமையைக் காப்பாற்ற நடந்த முயற்சிகளின் வரலாறு.

ரகசியமாக ஓட்டுப் போடும் இந்த முறை பழையது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு 200 வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்திலேயே 1872 வரை வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பேரேட்டில் பதிவார். யார் யாருக்குப் போட்டார் என்ற அந்தப் பேரேடுகளை அச்சிட்டு விற்றார்கள். நிலச்சுவான்தாரும் கடன் கொடுத்தவரும் அவற்றைப் புரட்டினால் போதும், யாரைப் பழிவாங்குவது என்று தெரிந்துவிடும். 1856ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும்தான் அரசே அச்சடித்துத் தரும் சீட்டு, தனித்தடுப்பு, மூடிய பெட்டி என்ற ஏற்பாடு நிலைபெற்றது. இங்கிலாந்து அதைப் பின்பற்ற 16 ஆண்டுகள் ஆயின. 1872 ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தல்தான் அங்கே முதல் ரகசிய வாக்கெடுப்பு.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தால் உடனே உத்திரமேரூரைச் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன; 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக்கொண்டு எடுக்கச் சொன்ன முறை அது. கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைப்பது. ஆனாலும் அது குலுக்கல். சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களுக்குள் நடந்த குலுக்கல். அந்த ஊரில் உழுதவருக்கும் நெய்தவருக்கும் அங்கே ஓலை இல்லை. கல்வெட்டின் சிறப்பைக் குறைக்காமலே இதைச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

ஓலை இல்லாதவர்களின் காத்திருப்பு நீண்டது. இரட்டை ஆட்சி முறையில் 1920ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது, நாலு கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 12.5 லட்சம் பேருக்கே ஓட்டு இருந்தது. வரி கட்டியவர், சொத்து உள்ளவர் என்ற கணக்கு. பெண்களுக்கு அப்போது அதுவும் இல்லை. 1921ல் சென்னை சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கித் தீர்மானம் போட்டது. மாகாணங்களில் இதைச் செய்த முதல் சட்டமன்றம் இதுதான். ஆனால் சொத்துத் தகுதி பெண்களுக்கும் தொடர்ந்ததால் வரிசையில் வந்து நின்றவர்கள் மிகச் சிலரே.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில், டொனமூர் சீர்திருத்தத்தின்படி 1931லேயே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவில் அது முன்னோடி. அதே இலங்கையில்தான் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டு, 1948ன் குடியுரிமைச் சட்டமும் 1949ன் தேர்தல் திருத்தமும் வந்த பிறகு வாக்காளர் பட்டியலிலிருந்தே மறைந்தார்கள். 1952ல் அவர்களுடைய கட்சியிலிருந்து ஒருவர்கூடப் போக முடியவில்லை. கிடைத்த வரிசை பறிபோவதும் வாக்குச்சாவடி வரலாற்றில் ஒரு பகுதி.

இந்தியாவில் 21 வயதான எல்லாருக்கும் வரிசையில் இடம் கொடுத்தது 1951-52 தேர்தல். அதை நடத்தியவர் சுகுமார் சென். கணிதம் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர். பனி விழுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று இமாசலத்தின் சினி வட்டத்தில் 1951 அக்டோபர் 25 அன்றே வாக்குப்பதிவு தொடங்கியது. சென்னை மாநிலத்தின் முறை 1952 ஜனவரியில் வந்தது.

பட்டியல் தயாரிக்கப் போனவர்களுக்கு ஒரு பெரிய தடை எதிர்ப்பட்டது. வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் சொன்னார்கள். சென் அதை ஏற்கவில்லை. பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அன்று இதைக் கொடுமை என்றே பலர் பேசினார்கள். அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்து சேரட்டும் என்பது சென்னின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் சரி என்றே தோன்றுகிறது: யாரோ ஒருவரின் மனைவியாக வரிசைக்கு வருபவர் அந்தத் திரைக்குப் பின்னால் தனியாளாக நிற்பது கடினம்.

1952ன் சாவடிக்குள் இன்றைய ஆள் நுழைந்தால் திகைத்துப் போவார். மறைவிடத்தில் ஒரு பெட்டிக்குப் பதிலாக வேட்பாளருக்கு ஒன்று என்று இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும்: காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்ட் கட்சிக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். சீட்டில் பெயரும் இல்லை, குறியிட வேண்டிய வேலையும் இல்லை. ரூபாய் நோட்டு அளவுள்ள அந்தத் தாளை விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் இரண்டு சீட்டு தருவார்கள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக்கூடாது. நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தேவைப்பட்டன. எண்ணும் நாளில் திறந்தபோது சில பெட்டிகளுக்குள் சீட்டோடு மனுக்களும் வாழ்த்துகளும் வசவுகளும் நாணயங்களும் கிடந்தன. முதல் தடவையாக அரசாங்கம் தங்கள் எதிரே ஒரு துளையுள்ள பெட்டியை வைத்தபோது, சொல்ல நினைத்ததையெல்லாம் மக்கள் அதற்குள் போட்டிருக்கிறார்கள்.

எளிமையான இந்த முறைக்குள் ஓட்டையும் இருந்தது. சீட்டில் எந்தக் குறியும் இல்லாததால், அதைப் பெட்டியில் போடாமல் மடியில் மறைத்து வெளியே கொண்டுவந்து கட்சிக்காரரிடம் விற்றுவிட முடியும். வாங்கியவர் நம்பிக்கையான ஒருவரிடம் கட்டாகக் கொடுத்து அனுப்பினால், அவர் உள்ளே போய் அத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டுவிடலாம். பெட்டி மறைவில் இருந்ததே இந்த மோசடிக்கு வழி. 1957க்குப் பிறகு முறையை மாற்றினார்கள். 1962 பொதுத்தேர்தலில் எல்லா வேட்பாளர் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் வந்தன. வாக்காளர் முத்திரை குத்த வேண்டும். குத்துவது மறைவில், மடித்த சீட்டைப் போடுவது அதிகாரியும் ஏஜெண்டுகளும் பார்க்க நடுவில் வைத்த பெட்டியில். எது ரகசியம், எது பகிரங்கம் என்பதை இதைவிடத் தெளிவாகப் பிரிக்க முடியாது.

அந்த முத்திரையின் அமைப்பில்கூட யோசனை இருந்தது. சுழல்வது போன்ற அம்புக்குறிச் சிலுவை அது. ஈரம் காயாமல் சீட்டை மடித்தால் மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு சின்னத்தில் குறி விழுந்தது போலத் தெரியும். எதிர்ப்பக்கம் ஒட்டிய குறியில் அம்புகள் திசை மாறி இருக்கும் என்பதால், வாக்காளர் குத்தியது எது என்று எண்ணுபவர் கண்டுகொள்ளலாம். இவ்வளவு செய்தும் கோட்டின் மேல் குத்தியவர், இரண்டு சின்னத்தில் குத்தியவர், குத்தாமலே மடித்தவர் என்று செல்லாத ஓட்டுகள் குவிந்தன. வெற்றி வித்தியாசத்தைவிடச் செல்லாத ஓட்டு அதிகம் என்ற செய்தி அந்தக் காலத்துத் தேர்தல் முடிவுகளில் சாதாரணம்.

விரலில் வைக்கும் மை முதல் தேர்தலிலேயே வந்துவிட்டது. 1962 முதல் அதைத் தயாரித்துத் தருவது மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937ல் தொடங்கியது, இப்போது கர்நாடக அரசின் கையில். மையில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுக்கும். சோப்பு, எண்ணெய் எதற்கும் போகாது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். இடது ஆள்காட்டி விரலில் வைப்பது வழக்கம். அதே தேர்தலில் மறுவாக்குப்பதிவு நடந்தால், பழைய மை இன்னும் இருக்கும் என்பதால் நடுவிரலில் வைப்பார்கள்.

கள்ள ஓட்டைத் தடுக்க மை மட்டும் போதாது. ஊர் ஆளை ஊர் ஆளே அடையாளம் காட்ட வேண்டும். அதற்குத்தான் பூத் ஏஜெண்டுகள். வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர் இல்லை என்று ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை வாக்குச்சாவடி அதிகாரி அங்கேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆட்சேபம் வீண் என்றால் பணம் போய்விடும். நம் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. தேர்தல் நடத்தை விதி 49பி-யின்படி தனிச் சீட்டு தருவார்கள். அது உறையில் வைத்து முத்திரையிடப்படும், நீதிமன்றம் கேட்டால்தான் கணக்கில் வரும். ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு இந்த விதியின் எண்ணைத் தமிழ்நாட்டில் சிறுபிள்ளைகளும் தெரிந்துகொண்டார்கள். 1993ல் டி.என். சேஷன் காலத்தில் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவு வந்த பிறகு ஏஜெண்டின் கண்ணுக்கு இருந்த வேலை குறைந்தது.

இன்றைய நாள் வாக்காளர் வருவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுகளைப் போட்டுக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு முத்திரை வைப்பார்கள். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. கட்சிக்காரர்கள் மேசை போட்டு எழுதித்தரும் பூத் சிலிப்பும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும்; சின்னமோ வேட்பாளர் பெயரோ தெரியக்கூடாது. உள்ளே முதல் அதிகாரி பெயரை உரக்கப் படிப்பார், அடுத்தவர் மை வைத்துக் கையெழுத்து வாங்குவார், இன்னொருவர் இயந்திரத்தை அனுமதிப்பார். பெயர் உரக்க, தேர்வு மௌனமாக. நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர் யாரையும் அனுப்பக்கூடாது என்பதும் சட்டம். அப்போது அதிகாரி வரிசையின் கடைசி ஆளிடம் போய், அங்கிருந்து முன்னோக்கி எண் எழுதிய சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வருவார். பின்னால் புதிதாக ஒருவர் ஒட்டிக்கொள்ள முடியாது. முன்னால் நிற்கும் ஒருவருக்கும் உரிமை போகாது. யார் யோசித்த ஏற்பாடோ, அருமையானது.

சின்னங்களின் கதை தமிழ்நாட்டில் தனிப் புத்தகம் ஆகும். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் போட்டியிட்ட இரட்டை இலை பிறகு அ.தி.மு.க.வின் நிரந்தரச் சின்னமானது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி உடைந்தபோது 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இலையைத் தேடிய கண்களுக்கு அந்த ஆண்டு சீட்டில் இலை இல்லை. ஒரு கட்சிக்குச் சின்னம் போவது என்றால் என்ன என்று அந்த முடிவுகள் காட்டின. ஒன்றுபட்டதும் இரு அணிகளும் முதலில் மீட்டது இலையைத்தான்.

ஓட்டுச் சீட்டு முறையின் எல்லையைக் காட்டிய ஊர் மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தம் கோரிக்கைகளைக் கவனிக்காததை எதிர்த்து ஆளாளுக்கு மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். சீட்டு புத்தகமானது. அத்தனை பேருக்கும் சின்னம் தேட வேண்டியிருந்தது, பெட்டியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. விவசாயிகளின் கோரிக்கையைவிட டெபாசிட் வேகமாகக் கவனிக்கப்பட்டது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

அதற்கு முன்பே இயந்திரம் வந்து காத்திருந்தது. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதல் சோதனை. சிவன் பிள்ளை 123 ஓட்டில் வென்றார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, அந்த 50 சாவடிகளில் சீட்டு வைத்து மறுபடி நடத்தச் சொன்னது, ஜோஸ் வென்றார். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பொறுப்பேற்றிருந்தவர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரத்துக்கு மாறியது. 2004ல் நாடு முழுக்க. பட்டனை அழுத்தினால் பீப் என்ற ஒலி. இப்போது பக்கத்துக் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும் தாளும் உண்டு. செல்லாத ஓட்டு அநேகமாக ஒழிந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு சில ஓட்டுகளுக்கு மேல் பதியாது என்பதால், சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தும் பழைய அராஜகத்துக்கும் கடிவாளம் விழுந்தது.

ஊராட்சித் தேர்தலில் மட்டும் கிராமங்களில் இன்னும் சீட்டும் பெட்டியும்தான். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு ஓட்டு, வெவ்வேறு நிறத்தில். ஓட்டுப் போடுவது உண்மையில் ஆபத்தான காரியமாக இருந்ததும் இந்தத் தேர்தலில்தான். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு 10 ஆண்டுகள் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. மனுப் போட ஆளில்லாமல் செய்தார்கள். போட்டு வென்றவர் உடனே விலக நேர்ந்தது. அதேபோல ஒதுக்கப்பட்ட மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2006 அக்டோபரில்தான் அந்த நாலு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அட்டை மறைப்பு உள்ளே இருந்தும், ஊரே வெளியே நின்று மிரட்டினால் அதற்குப் பயன் இல்லை என்பதை அந்த 10 ஆண்டுகள் காட்டின.

இந்தப் பின்னணியில்தான் இயந்திரம் கொண்டுவந்த ஒரு குறை பெரிதாகத் தெரிகிறது. சீட்டுக் காலத்தில், வாக்காளர் மிரட்டப்படலாம் என்ற அச்சம் உள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதி இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று அப்போது சொல்ல முடியாது. இயந்திரத்தில் சாவடிக்குச் சாவடி தனிக்கணக்கு. படிவம் 20ல் அது வெளியாகிறது, இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுள்ள ஒரு சாவடி என்பது பல இடங்களில் ஒரு ஊர், அல்லது ஒரு சேரி, அல்லது ஒரு தெரு. எந்தத் தெரு தனக்குப் போடவில்லை என்று ஜெயித்தவருக்கும் தெரியும், தோற்றவருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயும் சாலையும் அந்தக் கணக்கைப் பார்த்து வரலாம், வராமலும் போகலாம்.

இதற்குத் தீர்வும் தயாராக இருக்கிறது. 14 இயந்திரங்களை இணைத்து மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. 2015ல் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிக் கணக்கு கட்சிகளின் பணிக்கு உதவும் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. கட்சிகளின் வசதிக்காக வாக்காளரின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது. தனியாளின் ஓட்டு எங்கே போனது என்பதை மறைத்தது போலவே, ஊரின் ஓட்டும் தெருவின் ஓட்டும் எங்கே போயின என்பதையும் மறைத்தாக வேண்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வாக்காளர்கள் இதைக் கேட்க வேண்டும்: டோட்டலைசரைக் கொண்டுவரச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உங்கள் கட்சி குரல் கொடுக்குமா?